ஆஃப் சீசனில் ஐரோப்பா: தள்ளுபடி அட்டைகளில் எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: நான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், நங்கநல்லூரில் வசிக்கிறோம். எனக்கு வயது 61, கணவருக்கு 64. நாங்கள் இருவரும், என் தங்கையும் அவள் கணவருமாக நால்வர் அடுத்த ஆண்டு செப்டம்பர் நடுவில் கிளம்பி ஐந்து வாரம் ஐரோப்பாவில் சுற்றிவர ஆசைப்படுகிறோம். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள மோட்டார்ஹோம் வண்டியை வாடகைக்கு எடுத்து, பிரான்ஸின் தெற்கு வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். என் கணவரும் தங்கையின் கணவரும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். நால்வரும் சைவம், வண்டியிலேயே சமைத்துக்கொள்வோம். இரவில் வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப்சைட்டுகளுக்கான செலவை ஆஃப் சீசனில் குறைக்க ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் தங்கை மகன், ஏ.சி.எஸ்.ஐ. கேம்பிங்கார்டு ஒன்றே போதும் என்கிறான். கணவரின் நண்பர், பண்ணைகளில் இலவசமாகத் தங்கவைக்கும் பிரான்ஸ் பாஸியோன் திட்டத்தில் சேரச் சொல்கிறார். இங்கே ஒரு ஏஜெண்ட், முப்பது இரவுக்கான கூப்பனை இந்த மாதத்துக்குள் பணம் கட்டி வாங்கினால் பாதி விலை என்கிறார். எதை வாங்கலாம்? எல்லாவற்றையும் வாங்கிவைத்தால் நல்லதுதானே?

பதில்: வணக்கம் அம்மா. தேதியும், ஆள் கணக்கும், போகும் வழியும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். பலர் இதையெல்லாம் முடிவு செய்யாமலேயே எந்தக் கார்டு நல்லது என்று கேட்பார்கள். கார்டு நல்லதா இல்லையா என்பது நீங்கள் எத்தனை பேர், எந்தத் தேதியில், எந்த வழியில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்த விஷயம். உங்கள் கணக்குக்கு ஏ.சி.எஸ்.ஐ. கார்டு ஒன்றை வாங்குங்கள். பிரான்ஸ் பாஸியோனை யோசித்து முடிவு செய்யுங்கள். கூப்பனுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். ஆனால் இந்த மூன்றையும்விடப் பெரிய பணம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

முதலில் ஏ.சி.எஸ்.ஐ. இது 1965-இல் தொடங்கிய நெதர்லாந்து நிறுவனம். இவர்களின் கேம்பிங்கார்டை ஐரோப்பா முழுக்க மூவாயிரத்துக்கும் அதிகமான கேம்ப்சைட்டுகள் ஏற்கின்றன. ஜூலை, ஆகஸ்ட் தவிர்த்த நாட்களில், ஒவ்வொரு கேம்ப்சைட்டும் முன்பே ஒப்புக்கொண்ட ஒரு நிலையான விலைக்கு இடம் தருகிறது. சில விலைப்படிகள் வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஓர் இரவுக்கு இருபது யூரோவை ஒட்டியே இருக்கும். அந்த விலைக்குள் வண்டி நிறுத்தும் இடம், இரண்டு பெரியவர்கள், வெந்நீர்க் குளியல், நாளுக்கு 4 யூனிட் வரை மின்சாரம், ஒரு நாய் எல்லாம் அடக்கம். கார்டின் விலையும் இருபது யூரோ அளவுதான். ஒரு காலண்டர் ஆண்டுக்குச் செல்லும். மூன்று நான்கு இரவுகளிலேயே போட்ட பணம் திரும்பி வந்துவிடும். அதனால் தங்கை மகன் சொன்னது சரியான யோசனை.

அதில் உங்களுக்கு ஒரு சிக்கலும் இருக்கிறது. விலைக்குள் அடங்குவது இரண்டு பெரியவர்கள் மட்டுமே. நீங்கள் நால்வர். மூன்றாவது, நான்காவது ஆளுக்கு அந்தந்த கேம்ப்சைட் தன் வழக்கமான கட்டணத்தை வாங்கும். இடத்துக்கு இடம் இது மாறும். ஆளுக்கு ஐந்து யூரோ என்று வைத்தால்கூட, இருபது யூரோ இரவு முப்பதாகிவிடுகிறது. இதற்கு மேல் ஊராட்சிக்குப் போகும் சுற்றுலா வரி தனி. பிரான்ஸின் பெரும்பாலான ஊர்களில் அது ஆளுக்கு ஒரு யூரோவுக்கும் குறைவு என்றாலும், நால்வருக்கு ஐந்து வாரம் என்றால் கணக்கில் எழுத வேண்டிய தொகைதான்.

இதனால் கார்டு வீண் என்று ஆகிவிடாது. ஆனால் ஒப்பிடும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். நீங்கள் தங்க நினைக்கும் ஒரு கேம்ப்சைட்டின் சொந்த இணையதளத்தில் உங்கள் தேதியையும் நான்கு பெரியவர்கள், மின் இணைப்பு என்பதையும் போட்டுப் பாருங்கள். கடைசியில் வரும் மொத்தத் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கார்டு விலையோடு இரண்டு கூடுதல் ஆட்களையும் வரியையும் கூட்டிப் பாருங்கள். இந்த இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு உண்மையில் மிச்சமாவது. 50 சதவீதம் தள்ளுபடி என்று விளம்பரத்தில் படிக்கும்போது, எந்த விலையிலிருந்து 50 சதவீதம் என்று கேளுங்கள். ஜூலை விலையோடு ஒப்பிட்டிருந்தால் அது உங்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் அக்டோபரில் யாரும் உங்களிடம் ஜூலை விலையைக் கேட்கப் போவதில்லை. ஆடித் தள்ளுபடியில் தி.நகர் போனால் பழைய விலைச்சீட்டை விட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் அதே புடவை இன்று என்ன விலை என்றுதானே பார்ப்போம், அதேதான் இங்கேயும்.

நாலைந்து இடங்களுக்கு இப்படிப் பார்த்தாலே போதும், படம் தெளிவாகிவிடும். சில இடங்களில் கேம்ப்சைட்டின் சொந்த ஆஃப் சீசன் விலையே கார்டு விலையைவிடக் குறைவாக இருக்கும், குறிப்பாக ஒரு வாரம் அல்லது அதற்கு மேல் தங்கினால். கார்டை ஏற்கும் சில இடங்களே ஏழு இரவு தங்கினால் ஆறு இரவுக்குத்தான் பணம் என்று சலுகை கொடுப்பதும் உண்டு. பட்டியலில் அது 7=6 என்று போட்டிருக்கும். ஐந்து வாரத்தில் இப்படி இரண்டு இடத்தில் வாரக்கணக்கில் தங்குவது உங்கள் வயதுக்கும் நல்லது, டீசலுக்கும் நல்லது. ஆனால் அப்படித் தங்க பஸ் அல்லது டிராம் வசதியுள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள். பால் வாங்கக்கூட மோட்டார்ஹோமைக் கிளப்பிக்கொண்டு போக வேண்டியிருந்தால் அலுத்துவிடும். தெற்கு பிரான்ஸின் அவிஞ்ஞோன் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். ரோன் ஆற்றின் நடுவே பார்த்தலாஸ் தீவில் கேம்ப்சைட்டுகள் இருக்கின்றன, அங்கிருந்து பாலத்தைக் கடந்து நடந்தே கோட்டைச் சுவருக்குள் போய்விடலாம். ஒரு வாரம் தங்க எனக்குத் தெரிந்து அருமையான இடம்.

கார்டைப் பயன்படுத்துவதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு கேம்ப்சைட்டும் கார்டை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஏற்கும் என்பது தனித்தனி. ஒரே ஊரில் ஒன்று செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஏற்கும், இன்னொன்று பத்து நாள் கழித்து ஏற்கும். இரண்டாவது, போய் இறங்கியதும், பெயர் பதியும்போதே கார்டைக் காட்டுங்கள். பில் போட்டு முடித்த பிறகு நீட்டினால் ஏற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. முன்பதிவு செய்யும்போதும் கார்டு விலையில் தங்கப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். முன்பதிவுக்குத் தனிக் கட்டணம் வாங்கும் இடங்களும் இருக்கின்றன. கார்டு டிஜிட்டல் வடிவத்திலும் கிடைக்கிறது. அச்சிட்ட அட்டையும் வழிகாட்டிப் புத்தகமும்தான் வேண்டும் என்றால் ஸ்டுட்கார்ட் முகவரிக்கு வரவழைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வழியிலேயே வாங்கிக்கொள்ளலாம். எதுவானாலும் பயணம் நடக்கும் ஆண்டுக்கான கார்டுதானா என்று பார்த்து வாங்குங்கள்.

நாளுக்கு 4 யூனிட் மின்சாரம் என்றேன். நம்மவர்களுக்கு இதில்தான் முதல் நாளே திண்டாட்டம் வரும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டாயிரம் வாட் ஹீட்டரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டாலே அந்த 4 யூனிட் தீர்ந்துவிடும். அதற்கு மேல் பயன்படுத்தினால் தனியாகப் பணம் கேட்கலாம். அக்டோபர் இரவுகள், அதிலும் பிரான்ஸின் அல்சாஸ், பர்கண்டி பக்கம், சென்னைக்காரர்களுக்கு நன்றாகவே குளிரும். வண்டியை எடுக்கும்போதே அதன் ஹீட்டர் கேஸில் ஓடுகிறதா, டீசலிலா என்று கேட்டு, இயக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். மின் ஹீட்டரை நம்ப வேண்டாம். அடுத்தது சமையல். பிரான்ஸின் பல கேம்ப்சைட்டுகளில் மின் இணைப்பு 6 ஆம்பியர்தான். 230 வோல்ட்டில் அது 1,380 வாட் தாங்கும். ஊரிலிருந்து இண்டக்‌ஷன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய், முழு சூட்டில் வைத்தால் உடனே டிரிப் ஆகிவிடும். சின்ன ரைஸ் குக்கர் பிரச்சினை இல்லை. வண்டியில் கேஸ் அடுப்பு இருக்கும். மூன்று லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்று எடுத்துப் போனால் சாதம், பருப்பு எல்லாம் சீக்கிரம் முடியும், கேஸும் மிச்சம்.

இனி பிரான்ஸ் பாஸியோன். 1993-இல் தொடங்கிய திட்டம். ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினரானால், பிரான்ஸ் முழுக்க இதில் சேர்ந்துள்ள திராட்சைத் தோட்டம், தேன் பண்ணை, பாலாடைக்கட்டிப் பண்ணை போன்ற இடங்களில் 24 மணி நேரம் வரை இலவசமாக வண்டியை நிறுத்தித் தூங்கலாம். எதையும் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி எல்லாம் தனக்குள்ளேயே உள்ள மோட்டார்ஹோம்களுக்கு மட்டும்தான் இந்த அனுமதி. காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் கேரவனுக்கு இடமில்லை. உங்களுடையது மோட்டார்ஹோம், அதனால் தடையில்லை.

இந்தத் திட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும். அறுவடை முடியும் நேரத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்து ஓரமாக நின்று, அந்தக் குடும்பத்தோடு நாலு வார்த்தை பேசுவது எந்த ஓட்டலிலும் கிடைக்காத அனுபவம். ஆனாலும் நால்வர் என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்குத் தயக்கம் வந்தது. அங்கே நீங்கள் எதிர்பார்க்கக் கூடியது நிறுத்த இடம் மட்டும்தான். குளியலறை கிடையாது. இத்தகைய வண்டிகளில் நல்ல தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் நூறு லிட்டர் அளவு. எவ்வளவு சிக்கனமாகக் குளித்தாலும் ஆளுக்குப் பதினைந்து லிட்டர் என்றால், நால்வர் குளித்து, சமைத்து, பாத்திரம் தேய்த்தால் மறுநாள் காலையில் தொட்டி காலி. கழிப்பறைப் பெட்டியும் நால்வருக்கு இரண்டு நாள் தாங்கினால் அதிகம். தினமும் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகும் வீடு என்றால், பண்ணையில் ஓர் இரவு, கேம்ப்சைட்டில் இரண்டு மூன்று இரவு என்று மாற்றி மாற்றி வைத்தால்தான் சரிப்படும். ஐந்து வாரத்தில் ஆறேழு பண்ணை இரவு தேறும் என்று தோன்றினால் சந்தா கட்டுங்கள், பணத்துக்கு மேலேயே பலன் கிடைக்கும். இரண்டு மூன்றுதான் என்றால் விட்டுவிடலாம். இன்னொன்று, வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டாலும் ஒரு பாட்டில் தேனோ, ஒரு பை அக்ரூட்டோ வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அவர்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள், அந்த மரியாதையை நாம் செய்ய வேண்டும்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரான்ஸில் கேம்பிங்-கார் பார்க் என்று மோட்டார்ஹோம்களுக்கான நிறுத்துமிடங்களின் தொடர் ஒன்று இருக்கிறது. ஒருமுறை ஐந்து யூரோ கொடுத்து அட்டை வாங்கினால் போதும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதில்லை. அட்டையைக் காட்டினால் கேட் திறக்கும், தண்ணீர், மின்சாரம், கழிவைக் கொட்டும் வசதி உண்டு. பெரும்பாலும் குளியலறை இருக்காது. இதன் பெரிய பலன், ஆண்டு முழுக்கத் திறந்திருப்பது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ஆஃப் சீசனில் விலையைவிடப் பெரிய பிரச்சினை மூடிய கதவுதான். ஊராட்சிகள் நடத்தும் மலிவான கேம்ப்சைட்டுகளில் பல செப்டம்பரிலேயே மூடிவிடும். தனியார் கேம்ப்சைட்டுகளிலும் கணிசமானவை செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் நடுவிலோ மூடிவிடும். திறந்திருக்கும் இடங்களிலும் நீச்சல் குளம், கடை, உணவகம் மூடியிருக்கலாம். ஐந்து குளியலறைக் கட்டடங்களில் ஒன்றை மட்டும் திறந்து வைத்திருப்பார்கள். விலை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால் வழியை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் நடுவில் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து அல்சாஸ், பர்கண்டி என்று வடபகுதியை முதலில் பார்த்துவிடுங்கள். அங்கே முதலில் குளிரும், முதலில் மூடும். அக்டோபர் பிறக்கும்போது ரோன் ஆற்றோடு தெற்கே இறங்கி புரோவென்ஸ் பக்கம் வந்துவிடுங்கள். திரும்பி வருவதுதான் கவனிக்க வேண்டிய பகுதி. அவிஞ்ஞோனிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் தொள்ளாயிரம் கிலோமீட்டர் அளவு இருக்கும், அக்டோபர் நடுவுக்குப் பிறகு வழியில் பல இடங்கள் மூடியிருக்கும். அந்த மூன்று நான்கு இரவுகளுக்குத்தான் இந்த ஐந்து யூரோ அட்டை. அக்டோபர் பாதிக்கு மேல் பிரான்ஸில் பள்ளி விடுமுறை வரும், அப்போது நல்ல இடங்களில் கொஞ்சம் கூட்டம் கூடும். தெற்கே கடைசி வார இறுதிக்கு மட்டும் முன்பதிவு செய்துவிடுங்கள்.

ஏஜெண்ட் சொல்லும் கூப்பனுக்கு வருவோம். முன்பணம் கட்டி இரவுகளை மொத்தமாக வாங்கும் திட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரே குறை: பணம் இன்று கைவிட்டுப் போய்விடும், தங்கப்போவது ஓராண்டு கழித்து. நடுவில் விசா தள்ளிப்போகலாம், உடம்பு சரியில்லாமல் போகலாம், அந்தக் கேம்ப்சைட்டுகளே திட்டத்திலிருந்து விலகலாம். உங்கள் வழியில் முப்பது இரவுக்குப் பொருந்தும் அளவுக்கு அந்தத் திட்டத்தில் இடங்கள் இருக்கின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. ஏஜெண்டிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். கூப்பனை ஏற்கும் கேம்ப்சைட்டுகளின் பெயர்ப் பட்டியல், ஒவ்வொன்றும் எந்தத் தேதி வரை ஏற்கும் என்பது, பயன்படுத்தாத கூப்பனுக்குப் பணம் திரும்ப வருமா என்பது. பட்டியல் வந்தால் அதிலிருந்து ஐந்து இடத்துக்கு நீங்களே மின்னஞ்சல் போட்டு, இந்தக் கூப்பனை அக்டோபரில் நான்கு பேருக்கு ஏற்பீர்களா என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலே பதில் வரும். பட்டியலே தராமல் மாத முடிவைச் சொல்லி அவசரப்படுத்தினால், அது உங்களுக்கு வேண்டாம். இந்த ஏஜெண்டைத் தவறானவர் என்று சொல்ல எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. ஆஃப் சீசனின் அழகே பிடித்த ஊரில் இன்னும் இரண்டு நாள் இருப்பதும், மழை பெய்தால் கிளம்பிவிடுவதும்தான். முப்பது இரவுக்கும் முன்பணம் கட்டிவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடும்.

இதற்கு மேல் நான்காவது, ஐந்தாவது அட்டை எதுவும் வேண்டாம். ஐரோப்பிய மோட்டார் கிளப்புகள் தங்கள் உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் கேம்பிங் அட்டைகள் உண்டு. பாஸ்போர்ட்டை ரிசப்ஷனில் விட்டுவைக்காமல் இருக்கவும், தற்செயலாகப் பிறர் பொருளைச் சேதப்படுத்தினால் காப்பீடு கிடைக்கவும் அவை உதவும். ஐந்து வாரப் பயணத்துக்கு அவற்றைத் தேடிப் போக வேண்டிய அவசியமில்லை. ஒரே இடத்தில் இரண்டு அட்டையின் தள்ளுபடியைச் சேர்த்து யாரும் தரமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். எல்லாவற்றையும் வாங்கிவைத்தால் நல்லதுதானே என்று கேட்டதற்கு இதுதான் பதில்.

சரி, பெரிய பணம் எங்கே என்று சொல்கிறேன் என்றேன். முதல் இடம் வண்டி வாடகை. வாடகை நிறுவனங்கள் ஆண்டைப் பல சீசன்களாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு சீசன் முடிந்து அடுத்தது தொடங்கும் தேதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நீங்கள் கிளம்பும் தேதியை ஒரு வாரம் தள்ளி வைத்ததில் நாள் வாடகை முப்பது யூரோ குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 35 நாளுக்கு 1,050 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று எடுத்தால் ஒரு லட்சத்து ஐயாயிரம். கேம்பிங்கார்டில் இருபது இரவு, இரவுக்கு ஐந்து யூரோ மிச்சம் என்றால் நூறு யூரோ, அதில் கார்டு விலை போக எட்டாயிரம் ரூபாய். அதனால் கார்டைப் பற்றி யோசிக்கும் முன் மூன்று நிறுவனங்களில் நான்கு வெவ்வேறு கிளம்பும் தேதிகளைப் போட்டு வாடகையைப் பாருங்கள். நீண்ட நாள் வாடகைக்குத் தனித் தள்ளுபடி தருகிறார்களா, கிலோமீட்டர் வரம்பு உண்டா, படுக்கை விரிப்பும் சமையல் பாத்திரமும் தனிக்கட்டணமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வண்டியின் உயரத்தையும் கேளுங்கள். பிரான்ஸின் டோல் சாலைகளில் உயரத்தை வைத்து வகுப்பு பிரிக்கிறார்கள். 2 மீட்டருக்கும் 3 மீட்டருக்கும் இடைப்பட்ட வண்டி இரண்டாம் வகுப்பு. 3 மீட்டரோ அதற்கு மேலோ போனால் மூன்றாம் வகுப்பு, டோல் கணிசமாகக் கூடும். நால்வர் படுக்க வசதியான வண்டிகள், ஓட்டுநர் தலைக்கு மேல் கட்டில் வைத்தவை, பெரும்பாலும் அந்த 3 மீட்டரை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். டோல் இல்லாத தேசிய சாலைகளில் நிதானமாகப் போனால் இந்தச் செலவே பாதியாகும், ஊர்களும் கண்ணில் படும். ஜெர்மனியில் கார்களுக்கும் இந்த அளவு வண்டிகளுக்கும் டோல் இல்லை. மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது இன்னொரு வரம்பு. நான்கு பெரியவர்கள், நான்கு பெட்டி, நிறைத்த தண்ணீர்த் தொட்டி, ஊரிலிருந்து கொண்டுபோகும் அரிசி மூட்டை எல்லாம் சேர்ந்தால் அந்த வரம்பு சீக்கிரம் வந்துவிடும். அரிசியும் பருப்பும் ஜெர்மனியின் பெரிய நகரங்களில் இந்திய, இலங்கைத் தமிழ்க் கடைகளிலேயே கிடைக்கும். பொடி வகைகளை மட்டும் எடுத்துப் போங்கள்.

இரண்டாவது இடம் உங்கள் கிரெடிட் கார்டு. வங்கியில் இருந்தவர் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீத மார்க்கப் (நாணய மாற்றுக்காக வங்கி சேர்க்கும் கட்டணம்), அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. போடும் கார்டு என்றால் மொத்தம் 4.13 சதவீதம். வாடகை, டீசல், கேம்ப்சைட் எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய் செலவானால் 20,650 ரூபாய் அதற்கே போய்விடும். மார்க்கப் இல்லாத அல்லது குறைவான கார்டை இப்போதே வாங்கி வைத்துக்கொண்டால், எந்தக் கேம்பிங் அட்டையும் தராத மிச்சம் அதில் இருக்கிறது. வண்டி எடுக்கும்போது டெபாசிட்டாக ஆயிரம் யூரோவுக்கு மேல்கூடப் பிடித்து வைப்பார்கள். அந்தக் கிரெடிட் கார்டு முதன்மை ஓட்டுநரின் பெயரில் இருக்க வேண்டும் என்று பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கும், டெபிட் கார்டை ஏற்க மாட்டார்கள். எனவே உங்கள் கணவர் பெயரிலேயே போதிய வரம்புள்ள ஒரு கார்டு வேண்டும்.

ஓட்டுநர்கள் இருவரும் ஆர்.டி.ஓ. மூலம் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும். கட்டணம் ஆயிரம் ரூபாய், ஓராண்டுதான் செல்லும். அதனால் இப்போதே வாங்கி வைக்காதீர்கள், பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு போதும். சில வாடகை நிறுவனங்கள் ஓட்டுநருக்கு மேல்வயது வரம்பு வைத்திருக்கின்றன, தங்கை கணவரின் வயதையும் சொல்லி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், வண்டியும் ஏழு மீட்டர் நீளம் இருக்கலாம். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். முதல் நாள் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டத் திட்டமிடாதீர்கள். இரவு முழுக்க விமானத்தில் வந்துவிட்டு அன்றே ஸ்டியரிங் பிடிக்கவும் வேண்டாம். ஓர் இரவு ஃபிராங்க்ஃபர்ட்டில் ஓட்டலில் தூங்குங்கள். இதில் மட்டும் செலவைப் பார்க்காதீர்கள்.

விசா விஷயத்தில், நீங்கள் இறங்குவது ஜெர்மனி என்றாலும் அதிக நாள் இருக்கப்போவது பிரான்ஸில். அதனால் பிரான்ஸ் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், சென்னையிலேயே, விசா விண்ணப்பங்களைப் பெற்றுக்கொள்ளும் வி.எஃப்.எஸ். நிறுவனத்தின் மையத்தில் செய்யலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, வி.எஃப்.எஸ். கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். தங்குமிடத்துக்கு ஆதாரமும் கேட்பார்கள். எதையும் முன்பதிவு செய்யாமல் போகலாம் என்ற சுதந்திரம் இங்கே கொஞ்சம் இடிக்கும். வண்டியின் வாடகை ஒப்பந்தம், நாள்வாரியான பயணத் திட்டம், ரத்து செய்யக்கூடிய கேம்ப்சைட் முன்பதிவுகள் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். வாரக்கணக்கில் தங்கப்போகும் இரண்டு இடங்களுக்கும் கார்டு விலையிலேயே பதிவு செய்து, நால்வர் பெயரும் போட்ட உறுதிக் கடிதம் கேட்டு வாங்குங்கள். போலியான முன்பதிவுத் தாள் தயாரித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள், விசா மறுக்கப்பட்டால் அந்தப் பதிவு அடுத்த விண்ணப்பத்தின்போதும் அவர்கள் கண்ணில் படும்.

ஒருவேளை வண்டியையும் தங்குமிடத்தையும் இங்குள்ள ஏஜெண்டிடமே பேக்கேஜாக வாங்க முடிவு செய்தால், டி.சி.எஸ். (பணம் வாங்கும்போதே விற்பவர் வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். அது செலவு இல்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் கையிலிருந்து முதலில் போகும் பணம் என்பதால் பட்ஜெட்டில் எழுதி வையுங்கள். யார் பெயரில் பில் போடுகிறார்களோ அவர் பான் எண்ணில்தான் அது சேரும். நால்வரும் செலவைப் பிரித்துக்கொள்வதாக இருந்தால் தங்கை வீட்டுப் பங்கை அவர்கள் பெயரிலேயே தனி பில்லாகப் போடச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, நால்வரின் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பார்ப்பது. திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடி இருக்க வேண்டும், வழங்கிப் பத்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் வாடகைத் தேதிகளை ஒப்பிட ஆரம்பித்துவிடுங்கள். மூன்று நிறுவனங்களின் விலை கையில் வந்ததும், விருப்பமிருந்தால் அந்தத் தாள்களை எனக்கு அனுப்புங்கள். காப்பீட்டு நிபந்தனைகளில் எதைக் கேட்க வேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன்.